கைபேசியும் குழந்தையும்: பொறுப்பு யாருடையது?

2022 மே மாதம் கேரளத்தின் அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளிகளில் வழக்கத்துக்கு மாறான வகுப்புகள் நடைபெற்றன. பாடம் நடத்தியவர்கள் மாணவர்கள். பெஞ்சுகளில் அமர்ந்து கேட்டவர்கள் அம்மாக்கள். முப்பது முப்பது பேராக வந்த அந்தத் தாய்மார்களுக்கு அரைமணி நேர அமர்வுகளாகப் பாடங்கள் வகுக்கப்பட்டிருந்தன. இணையம் எப்படி இயங்குகிறது, கடவுச்சொல்லையும் ஓடிபி எண்ணையும் ஏன் எவரிடமும் சொல்லக்கூடாது, பொய்ச் செய்தியை எவ்வாறு அடையாளம் காண்பது, வங்கிக் கணக்கிலிருந்து பணத்தைத் திருடுகிறவர்கள் எந்த வழியாக வருகிறார்கள் என்பவை அவற்றுள் அடங்கும். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் 'கைட்' என்ற அரசு நிறுவனம், 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்களின் வழியாக இதனை நடத்தியது. மே 7 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் தொடங்கி வைத்த இத்திட்டத்தின் இலக்கு 3 லட்சம் தாய்மார்கள். பெயர்: 'அம்ம அறியான்'. அம்மா அறிவதற்காக என்று பொருள். மக்களிடம் காசு திரட்டி ஜான் ஆபிரகாம் 1986இல் உருவாக்கிய மலையாளத் திரைப்படத்தின் பெயரும் அதுவே.

இந்த வகுப்பறைக் காட்சிக்கு நேர் எதிரான குரல்தான் நாட்டில் உரத்து ஒலிக்கிறது. ஒரு சிறுவன் இரவு முழுவதும் விளையாட்டுச் செயலியில் மூழ்கிக் கிடந்தாலும், ஒரு சிறுமி முகமறியாத ஒருவனின் மிரட்டலில் சிக்கிக்கொண்டாலும், தொலைக்காட்சி விவாதத்திலிருந்து தேநீர்க்கடை பெஞ்சு வரை தீர்ப்பு ஒன்றுதான்: "அம்மா கவனிக்கவில்லை, கைபேசியைக் கையில் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்." கட்சித் தோழர்களின் வீடுகளிலும் இந்தத் தீர்ப்பு வாசிக்கப்படுவது உண்டு. அதை வாசிக்கிறவர் பெரும்பாலும் அதே வீட்டில் அதே நேரத்தில் தமது கைபேசியில் மூழ்கியிருக்கும் அப்பாவாக இருக்கிறார்.

இந்தத் தீர்ப்பு அநீதியானது. அதற்கும் மேலாக, உண்மையான பொறுப்பாளியைத் தப்பவிடும் தீர்ப்பு இது. எனவே இதனை அரசியல்ரீதியாக எதிர்கொள்ள வேண்டியுள்ளது.

பழைய வழக்கு, பழைய வாதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பஞ்சாலைகளும் சுரங்கங்களும் குழந்தைகளின் உழைப்பை உறிஞ்சின. அது குறித்து ஆராய்ந்த விசாரணைக் குழுக்களின் அறிக்கைகளிலும் பெற்றோர்களே பெருங்குற்றவாளிகள் என்ற குரல் எழுந்தது. கூலிக்கு ஆசைப்பட்டுப் பெற்ற பிள்ளையை ஆலைக்கு அனுப்புகிறார்கள் என்றனர். 'மூலதனம்' முதல் தொகுதியில் நவீனத் தொழில்துறை பற்றி எழுதிய மார்க்ஸ் இந்த வாதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். பெற்றோரின் அதிகாரம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதால் குழந்தைச் சுரண்டல் உருவாகவில்லை. பெற்றோரின் அதிகாரத்துக்கு இருந்த பொருளாதார அடித்தளத்தை முதலாளித்துவச் சுரண்டல் தகர்த்ததால்தான் அந்த அதிகாரம் சீர்கெட்டது என்பது அவருடைய முடிவு.

குழந்தைகளை அந்த ஆலைகளிலிருந்து மீட்டது பெற்றோருக்குச் சொன்ன உபதேசமும் அன்று. 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 9 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை, பட்டு ஆலைகள் நீங்கலாக, ஜவுளி ஆலைகளில் வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. அதனை மேற்பார்வையிட நான்கு ஆய்வாளர்கள் நியமிக்கப்பட்டனர். 1847இல் பத்து மணி நேர வேலைநாள் சட்டம் வந்தது. தொழிலாளி வர்க்கத்தின் நெடிய போராட்டம் பெற்றுத் தந்த இச்சட்டங்களின் வலிமை, அவை ஆலை முதலாளியின் கையைக் கட்டின என்பதில் இருந்தது. தாயின் மனச்சாட்சியை நோக்கிப் பேசியிருந்தால் அவை வெறும் காகிதமாகப் போயிருக்கும். கைபேசி விஷயத்திலும் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: கட்டப்பட வேண்டியது யாருடைய கை?

கவனத்தைக் கறக்கும் ஆலை

பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியவற்றை உடைமையாகக் கொண்ட மெட்டா நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வருவாய் சுமார் 16,450 கோடி டாலர். இதில் 97 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது விளம்பர வருவாய். பயன்படுத்துவோரிடம் காசு வாங்காத ஒரு நிறுவனம் இவ்வளவு சம்பாதிப்பது, அவர்களுடைய நேரத்தையும் கவனத்தையும் பழக்கவழக்கத் தரவுகளையும் விளம்பரதாரர்களுக்கு விற்பதால்தான். ஒரு குழந்தை திரையில் கூடுதலாகச் செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் அங்கே சரக்காகிறது. ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானே ஓடுவதும், கீழே தள்ளத் தள்ளத் தீராமல் பதிவுகள் வந்துகொண்டே இருப்பதும், 'லைக்' எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லி மணி அடிப்பதும் தற்செயலாக அமைந்தவை எனக் கருத இடமில்லை. எங்கே நிறுத்துவது என்று மனம் முடிவெடுக்க வேண்டிய இடைவெளியை அகற்றும் ஏற்பாடுகள் அவை. பெரியவர்களே தோற்றுப்போகும் இந்த ஏற்பாட்டின் முன் ஒரு பத்து வயதுக் குழந்தையை நிறுத்திவிட்டு, அதற்குச் சுயகட்டுப்பாடு இல்லை என்று குறை கூறுகிறார்கள்.

நிறுவனங்களுக்கு இது தெரியாமலும் இல்லை. பேஸ்புக்கில் பணியாற்றிய பிரான்சஸ் ஹாகன் 2021இல் வெளிக்கொணர்ந்த உள் ஆவணங்கள் அதற்குச் சான்று. தம் உடலைப் பற்றி ஏற்கெனவே மனம் நொந்திருந்த பதின்வயதுச் சிறுமியரில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அந்த வேதனையை மேலும் கூட்டியதாகக் கூறியிருந்தனர். நிறுவனமே நடத்திய ஆய்வின் முடிவு அது. 2023 அக்டோபரில் அமெரிக்காவின் 33 மாநிலங்கள் ஒன்றிணைந்து, குழந்தைகளைப் பழக்க அடிமைகளாக்கும் விதத்தில் தளத்தை வடிவமைத்ததாக மெட்டா மீது வழக்குத் தொடுத்தன. 2024 ஜனவரி 31 அன்று அமெரிக்க செனட் விசாரணையில், பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரை நோக்கி எழுந்து நின்று மார்க் ஜுக்கர்பெர்க் வருத்தம் தெரிவித்தார். வருத்தத்துக்குப் பிறகும் லாபக் கணக்கின் அடிப்படை மாறவில்லை.

இந்திய மொழிகளைப் பேசும் மக்களுக்கு இதில் இரட்டை அநீதி. பொய்ச் செய்திகளை இனங்காண்பதற்குச் செலவிடப்பட்ட நேரத்துக்கான நிதியில் 87 விழுக்காடு அமெரிக்காவுக்கும், எஞ்சிய 13 விழுக்காடு உலகின் மற்ற நாடுகள் அனைத்துக்கும் ஒதுக்கப்பட்டதை அதே ஆவணங்கள் காட்டின. லாபம் எல்லா மொழியிலும் ஈட்டப்படுகிறது. பாதுகாப்பு ஆங்கிலத்துக்கு மட்டும் வாங்கப்படுகிறது.

இந்த அலட்சியத்தின் விலையைத் தமிழகம் இரத்தத்தால் கொடுத்தது. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் நடமாடுகிறது என்ற வதந்தி வடமாவட்டங்களில் வாட்ஸ்அப் வழியே பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குச் செல்லும் வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி ஒருவரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. குழந்தைகளைக் காப்பதாக எண்ணிக்கொண்டே அந்தச் செய்தியைப் பலர் அனுப்பினார்கள். இணையத்தில் பாதுகாப்பு என்பது குழந்தைகளுக்கு மட்டும் கற்பிக்க வேண்டிய பாடமன்று என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

ஒன்றிய அரசு எழுதிய சட்டம்

ஒன்றிய பாஜக அரசு 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கான விதிகளை 2025 நவம்பரில்தான் வெளியிட்டது. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர நிறுவனங்களுக்கு மேலும் 18 மாத அவகாசம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட்டில் அளித்த தீர்ப்பிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள்.

சட்டத்தின் 9ஆம் பிரிவு குழந்தைகளைப் பற்றியது. 18 வயதுக்குட்பட்டோரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அது தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். இது வரவேற்கத்தக்கதே. ஆனால் அதே பிரிவு, அரசு விரும்பும் நிறுவன வகைகளுக்கு விலக்கு அளிக்கவும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. முடிவற்று ஓடும் காணொளி, மணியடித்து அழைக்கும் செயலி ஆகியவற்றின் வடிவமைப்பைத் தொடும் விதி எதுவும் இதில் இல்லை. குழந்தையின் தரவைப் பெறப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்பதே மையமான ஏற்பாடு. கூலி வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும் தாய், ஆங்கிலத்தில் பல பக்கம் நீளும் நிபந்தனைகளுக்குக் கீழே 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்துவார். அழுத்திய அந்தக் கணத்தில் பொறுப்பு நிறுவனத்தின் தோளிலிருந்து அவருடைய தோளுக்கு மாறிவிடும். பஞ்சாலை முதலாளி பெற்றோரின் கைநாட்டு வாங்கிக்கொண்டு குழந்தையை வேலைக்கு எடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே.

இன்னொரு பக்கம், இதே சட்டம் அரசு அமைப்புகளுக்கு விரிவான விலக்குகளை வழங்குகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி மக்களின் கேள்வி கேட்கும் உரிமையைச் சுருக்குகிறது. குழந்தைகளின் பெயரால் வந்த சட்டம் ஆட்சியாளர்களுக்குத் திரை போட்டுக் கொடுத்திருக்கிறது.

இணையவழிச் சூதாட்டத்திலும் இதே நடத்தைதான். ரம்மி செயலிகளில் பணத்தை இழந்து குடும்பங்கள் சீரழிந்தபோது, 2022 அக்டோபரில் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றிய தடை மசோதாவை ஆளுநர் ஆர்.என்.ரவி மாதக்கணக்கில் கிடப்பில் போட்டு, 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி அனுப்பிய பின்னரே, ஏப்ரல் 10 அன்று ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபர் முதல் இந்த விளையாட்டுகளுக்கு 28 விழுக்காடு ஜிஎஸ்டி விதித்து ஒன்றிய அரசு வரி வசூலித்தது. பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்ட்டில்தான் வந்தது. இடையில் அழிந்த குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது?

தடை என்னும் குறுக்குவழி

ஆஸ்திரேலியா 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடை செய்து 2024இல் சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. இந்தியாவிலும் அதுபோல் செய்ய வேண்டும் என்ற குரல்கள் எழுகின்றன. அந்தச் சட்டத்தில் கவனிக்கத்தக்க ஒரு கூறு உண்டு. தண்டனை குழந்தைக்கோ பெற்றோருக்கோ இல்லை, நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். சீனாவும் 2021இல் 18 வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டுமே இணைய விளையாட்டுகளை ஆடலாம் என வரையறுத்தபோது, அதனைச் செயல்படுத்தும் கடமையை நிறுவனங்கள் மீதே சுமத்தியது. இந்தக் கூறு கற்கத்தக்கது.

ஆனால் இங்கே 'தடை' என்று பேசுவோர் பெரும்பாலும் கைபேசியைக் குழந்தையிடமிருந்து பிடுங்குவதையே குறிக்கிறார்கள். வசதி படைத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு மடிக்கணினி, தனிப்பயிற்சி, நூலக அறை எல்லாம் உண்டு. கைபேசி போனால் இழப்பு பெரிதில்லை. ஏழைவீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒற்றைக் கைபேசிதான் நூலகம், ஆசிரியர், விண்ணப்ப அலுவலகம் அனைத்தும்.

கேரளம் இதனைக் கண்ணீரோடு கற்றது. பெருந்தொற்றுக் காலத்தில் 2020 ஜூன் 1 அன்று கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியே 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. அன்றே மலப்புறம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வீட்டுத் தொலைக்காட்சி பழுதாகியிருந்தது; திறன்பேசி இல்லை; வகுப்பில் சேர முடியாத வேதனையே காரணம் எனக் குடும்பத்தார் கூறினர். இருபத்தாறு லட்சம் அன்று, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் தொலைக்காட்சியோ இணைய வசதியோ இல்லாதவர்கள் என்று முன்னரே கணக்கெடுக்கப்பட்டிருந்தும், அந்தக் குழந்தையை உதவி சென்றடையவில்லை. அதன் பின் வாலிபர் சங்கத்தின் 'டிவி சேலஞ்ச்' உள்ளிட்ட இயக்கங்கள் வீடு வீடாகத் தொலைக்காட்சிகளைக் கொண்டு சேர்த்தன. கருவி இல்லாமையும் குழந்தையைக் கொல்லும் என்பதைத் தடை பேசுவோர் மறந்துவிடலாகாது.

கருவி கையில் கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கும் திருவனந்தபுரத்திலேயே சான்று உண்டு. தம்பானூருக்கு அருகே, நகரின் நடுவில் இருக்கும் செங்கல்சூளை என்கிற ராஜாஜி நகர் உழைப்பாளி மக்களின் குடியிருப்பு. குற்றவாளிகளின் இருப்பிடம் என்று நெடுங்காலம் பழி சுமத்தப்பட்ட இடம். 2021 ஜூலையில் அங்கிருந்த சிறுவர்களும் இளைஞர்களும் 'அயன்' படப் பாடல் காட்சியைச் சாதாரணக் கைபேசியில் அப்படியே மறுஉருவாக்கம் செய்து வெளியிட்டனர். நடிகர் சூர்யாவே பாராட்டும் அளவுக்கு அது பரவியது. காவல்துறைக் குறிப்புகளில் மட்டும் பெயர் வந்துகொண்டிருந்த ஒரு குடியிருப்பு, தன் பிள்ளைகளின் திறமையால் செய்தியானது. இந்தப் பிள்ளைகளின் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்குவதற்குப் பெயர் பாதுகாப்பு ஆகாது.

பொதுமை என்னும் பாதுகாப்பு

திருவனந்தபுரத்திலிருந்து செயல்படுத்தப்படும் மாற்று, ஒரு திட்டமாகத் திடீரென முளைத்ததன்று. 2001இல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் பங்கேற்க, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. பின்னர் பள்ளிக் கணினிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. ஒரு நிறுவனத்தின் மூடிய பெட்டியைப் பயன்படுத்தப் பழகும் குழந்தை வாடிக்கையாளராக வளர்கிறது; பெட்டியைத் திறந்து பார்த்து மாற்றி அமைக்கப் பழகும் குழந்தை அதன் இயக்கத்தைக் கேள்வி கேட்கிறது. இணையப் பாதுகாப்பின் முதற்பாடம் இதுவே.

2018 ஜனவரியில் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இயங்குகின்றன. பொய்ச் செய்தியைக் கண்டறியக் கண்ணூர் மாவட்டப் பள்ளிகளில் தொடங்கிய 'சத்யமேவ ஜயதே' முயற்சியின் பெயரிலேயே, 2022இல் மாநிலம் முழுவதும் 19 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. செய்தியின் உண்மையைச் சரிபார்க்கும் பாடம் 2024 முதல் பாடநூலிலேயே இடம்பெற்றுள்ளது. கணினிப் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலத்துடன் தமிழிலும் கன்னடத்திலும் வெளிவருகின்றன. மொழிச் சிறுபான்மைக் குழந்தைக்கும் தன் தாய்மொழியில் பாதுகாப்பைக் கற்கும் உரிமை உண்டு என்பதை ஒரு மாநில அரசு ஏற்றிருக்கிறது. ஆயிரம் கோடிகளில் புரளும் பன்னாட்டு நிறுவனங்கள் ஏற்கவில்லை.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சி 2022 செப்டம்பரில் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. வேலை உறுதித் திட்டத் தொழிலாளர்களின் பணியிடத்துக்கே சென்று தன்னார்வலர்கள் கைபேசியைக் கற்றுக் கொடுத்தனர். அந்த அனுபவத்தை மாநிலம் முழுவதும் விரித்து, 21 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சியளித்த பின், 2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளம் நாட்டின் முதல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 2023 ஜூன் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்ட கே-ஃபோன், இணையம் குடிமக்களின் உரிமை என்ற நிலைப்பாட்டில் அமைந்த அரசுக் கட்டமைப்பு.

இவற்றில் குறைகள் இல்லை என்று சொல்வது கட்சிக்குப் பெருமை சேர்க்காது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற கே-ஃபோன் இலக்குக்குச் செல்ல வேண்டிய தூரம் நெடியது. கைபேசிப் பழக்கத்தில் சிக்கிய குழந்தைகளுக்காக 2023 முதல் திருவனந்தபுரம் உள்ளிட்ட நகரங்களில் காவல்துறை நடத்தும் 'டி-டாட்' மையங்களில் உளவியலாளர்கள் நற்பணி ஆற்றுகிறார்கள். எனினும் மனம் நொந்த ஒரு குழந்தை ஆலோசனைக்காகக் காவல்துறையின் வாசலுக்குச் செல்ல நேர்வது, ஒவ்வொரு பள்ளியிலும் ஆலோசகர் வேண்டும் என்ற தேவையையே சுட்டுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெயரிலேயே 'அம்ம' என்றுள்ள திட்டத்தில் அப்பாவின் இடம் எது? தாய்மார்களுக்கு அறிவூட்டுவது சரியே. ஆனால் குழந்தையைக் காக்கும் வேலை தாயுடையது மட்டுமே என்ற பழைய பிரிவினையை ஒரு முற்போக்குத் திட்டமும் தன்னையறியாமல் சுமந்துவிட்டது. அடுத்த கட்ட வகுப்பில் அப்பாக்களும் பெஞ்சில் அமர வேண்டும்.

மிரட்டுபவனின் மூலதனம்

இந்தப் பிரச்சனையில் கட்சி உறுப்பினரின் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. இணையத்தில் குழந்தைகளைச் சிக்க வைக்கிறவனின் வழிமுறை ஏறத்தாழ ஒன்றுதான். விளையாட்டிலோ சமூக ஊடகத்திலோ சம வயதுத் தோழன் போல் நெருங்குவான், பாராட்டுவான், ரகசியம் பேசுவான், ஒரு படத்தைக் கேட்டு வாங்குவான். வாங்கிய மறுகணம், "உன் வீட்டில் சொல்லிவிடுவேன்" என்பான். வீட்டின் மீது குழந்தைக்கு உள்ள அச்சமே அவனுடைய மூலதனம். அடி விழும், கைபேசி பறிபோகும், படிப்பு நிற்கும் என்று அஞ்சுகிற சிறுமி அவன் கேட்பதையெல்லாம் கொடுப்பாள். சொன்னால் தண்டனை கிடையாது என்று உறுதியாக அறிந்த குழந்தையிடம் அந்த மூலதனம் செல்லாக்காசு. ஆகவே கண்டிப்பான வீடே பாதுகாப்பான வீடு என்ற எண்ணம் தலைகீழானது. குடும்பத்துக்குள் நிலவும் ஆணாதிக்கமும் சாதிய மானக் கருத்தும் மிரட்டுபவனுக்குக் கூலி வாங்காத கூட்டாளிகள்.

எனவே ஒவ்வொரு கிளையும் மாதர், வாலிபர், மாணவர் அமைப்புகளோடு இணைந்து, தன் பகுதியில் பெற்றோர் இருவரையும் குழந்தைகளையும் ஒன்றாக அமர வைத்துக் கூட்டங்கள் நடத்துவது அவசியம். அங்கே சொல்ல வேண்டியவை எளியவை. குழந்தை எதைச் சொன்னாலும் முதல் வார்த்தை கண்டனமாக இருக்கக் கூடாது. மிரட்டுபவனுக்குப் பணமோ மேலும் படமோ தரக் கூடாது. கொடுத்தால் மிரட்டல் வளருமேயன்றி ஓயாது. உரையாடலை அழித்துவிடாமல் சான்றாகப் பாதுகாக்க வேண்டும். பண மோசடிக்கு 1930, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 ஆகிய எண்கள் வீட்டுச் சுவரில் இருக்க வேண்டும். ஒன்றிய உள்துறையின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் குழந்தைகள் மீதான பாலியல் குற்றப் பதிவுகள் குறித்துப் பெயர் சொல்லாமலேயே புகார் தரலாம். குழந்தை மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் புகார் செய்வது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி சட்டக் கடமை. 'ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பது' குற்றவாளிக்குச் செய்யும் உதவி.

கட்சியின் சொந்த வாட்ஸ்அப் குழுக்களும் இந்த ஒழுங்குக்குள் வர வேண்டும். நீதி கேட்கும் ஆவேசத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் படத்தையும் பெயரையும் பகிர்கிற தோழர், அக்குழந்தைக்கு இரண்டாவது கொடுமையை இழைக்கிறார். போக்சோ சட்டமும் அதைத் தடை செய்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டல் காட்சியைச் சேமித்து வைத்திருப்பதும் குற்றமே என்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை ரத்து செய்து 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 'விழிப்புணர்வுக்காக' என்று அனுப்பப்படும் காணொளிக்கும் அது பொருந்தும் என்பதைத் தோழர்கள் நினைவில் கொள்ள வேண்டும். சரிபாராத செய்தியை அனுப்புவதில்லை என்ற முடிவை ஒவ்வொரு கிளையும் எடுத்தால், போளூரில் நடந்தது இன்னோர் ஊரில் நடக்காமல் தடுக்க அது ஒரு பங்களிப்பாகும்.

வீட்டுக்குள் செய்யும் வேலை, வெளியே செய்ய வேண்டிய போராட்டத்துக்கு மாற்றாகிவிடாது. குழந்தைகள் பயன்படுத்தும் செயலிகளில் தானியங்கிக் காணொளி, முடிவற்ற பதிவுகள், இரவுநேர அழைப்பொலிகள் ஆகியவற்றைச் சட்டத்தால் தடை செய்ய வேண்டும். தமிழ் உள்ளிட்ட அனைத்து மொழிகளிலும் பதிவுகளைக் கண்காணிக்கப் போதிய பணியாளர்களை நியமிக்கும் கடமையை நிறுவனங்கள் மீது சுமத்த வேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நிறுவனங்களுக்கும் அரசுக்கும் திறந்து வைக்கப்பட்ட விலக்குகளை மூட வேண்டும். தமிழகத்தின் அரசுப் பள்ளிகள் அனைத்திலும் இணையப் பாதுகாப்பைப் பாடமாக்கி, ஆலோசகர்களை நிரந்தரப் பணியில் அமர்த்த வேண்டும். வேலைக்குச் செல்லும் தாய் குழந்தையை விட்டுச் செல்லக் குழந்தைகள் காப்பகமும், மாலையில் அக்குழந்தை ஓடி விளையாடத் திடலும், உட்கார்ந்து படிக்க நூலகமும் இல்லாத பகுதியில் கைபேசிதான் ஆயா. அந்த இடத்தைக் கைபேசியிடமிருந்து மீட்டுப் பொதுவுடைமையாக்கக் கோருவதும் இணையப் பாதுகாப்புக்கான கோரிக்கையே.

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் தமிழகத்தின் இடதுசாரி ஊழியர்களும் அறிவியல் இயக்கத்தினரும் இரவுப் பள்ளிகளில் அகரம் கற்றுத் தந்தனர். புதுக்கோட்டைப் பெண்கள் அதே இயக்கத்தில் சைக்கிள் மிதிக்கக் கற்று ஊர்ச் சாலைகளில் வலம் வந்தனர். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் கெட்டுப்போவாள் என்றும், சைக்கிள் ஓட்டும் பெண் அடங்கமாட்டாள் என்றும் அன்று சொன்னவர்களின் வாரிசுகள்தான் இன்று கைபேசி பெண்பிள்ளையைக் கெடுக்கும் என்கிறார்கள். அன்று அவர்களுக்குக் கிடைத்த பதில் கரும்பலகையும் சாக்கட்டியும் ஏந்திய ஆயிரக்கணக்கான தொண்டர்கள். கேரளத்தின் வகுப்பறைகளில் தாய்க்குப் பாடம் நடத்திய மாணவர்கள் அதே பதிலின் இன்றைய வடிவம். தமிழகத்தின் கிளைகள் அந்தக் கரும்பலகையை மீண்டும் கையில் எடுக்க வேண்டிய காலம் இது.